தானியேல் தனியாக நிற்கவில்லை

இளமையும் விசுவாசமும் – 9

நம் சபைகளில் வாலிபர் கூட்டம் நடந்தால் அதில் தானியேல் வராமல் போவது அபூர்வம். கல்லூரி விடுதிக்குப் போகப்போகிறவர்களையும், முதல் வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்புகிறவர்களையும் முன்வரிசையில் உட்காரவைத்து, சிங்கக் கெபியைக் காட்டி, ஊரே ஒரு பக்கம் போனாலும் நீ தனியாக நில் என்று சொல்லி, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்புகிறோம். சொல்கிறவரின் நோக்கத்தில் குறை கிடையாது. ஆனால் அப்படிப் போன பிள்ளை முதல் செமஸ்டர் முடிவதற்குள் குடிக்கவோ, தேர்வில் பிட் அடிக்கவோ, ஞாயிற்றுக்கிழமைகளைத் தூங்கிக் கழிக்கவோ ஆரம்பித்துவிட்டால் நாம் வந்து சேரும் முடிவு ஒன்றுதான்: அவனுக்கு விசுவாசம் பற்றவில்லை. நண்பர் வட்டத்தின் அழுத்தம் எந்தெந்த உருவத்தில் வருகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அதை எதிர்கொள்ளும் வழியாக நாம் வழக்கமாகக் கற்றுக்கொடுக்கும் பாடத்தை இந்த வாரம் பார்க்கலாம். பிள்ளையின் விசுவாசத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால் நம் அறிவுரையைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கட்சி. தனியாக நில் என்பது வேதம் காட்டும் வழியும் அல்ல, மனித மனத்தை அளந்து பார்த்தவர்கள் கண்ட வழியும் அல்ல.

முதலில் தானியேலையே எடுத்துக்கொள்வோம். புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சாரின் அரண்மனைக்கு வந்து சேரும் யூத இளைஞர்களில் நாம் பெயர் அறிந்தவர்கள் நால்வர்: தானியேல், அனனியா, மீஷாவேல், அசரியா. ராஜாவின் உணவும் திராட்சரசமும் வேண்டாம் என்று தீர்மானித்தவர் தானியேல். ஆனால் பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று அவர் கேட்டது நான்கு பேருக்காகவும். இரண்டாம் அதிகாரத்தில் ராஜாவின் சொப்பனத்தைச் சொல்லாவிட்டால் தலை போகும் என்ற நிலை வந்ததும், ராஜாவிடம் தவணை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய் மற்ற மூவரிடமும் விஷயத்தைச் சொல்லி ஜெபிக்கச் சொல்கிறார். மூன்றாம் அதிகாரத்தின் அக்கினிச் சூளைக்குள் எறியப்பட்டவர்கள் மூவர். சிங்கக் கெபி வருவதோ ஆறாம் அதிகாரத்தில். அதற்குள் பாபிலோன் அரசே விழுந்து தரியு ஆண்டுகொண்டிருக்கிறான். கதையின் கணக்குப்படியே நடுவில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஞாயிறு பள்ளிப் படங்களில் மீசை அரும்பாத பையனாக நிற்கும் அந்தத் தானியேல், கெபியில் இறங்கியபோது எண்பதை ஒட்டிய கிழவர். இந்தப் புத்தகம் எப்போது எழுதப்பட்டது என்பதில் அறிஞர்களிடையே வேறு கருத்துகள் உண்டு. அந்த விவாதம் இங்கே தேவையில்லை. இளமையில் நால்வராக நின்று பழகியவர் முதுமையில் ஒருவராக நின்றார் என்றுதான் கதை சொல்கிறது. நாம் முதுமைக் காட்சியை மட்டும் வெட்டியெடுத்துப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறோம்.

கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரியில் இருந்த ஒரு சட்ட மாணவனின் கதை இதைவிட வெளிப்படையானது. அலிப்பியுஸ் என்பது அவன் பெயர். வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊர்க்காரன். பின்னாளில் புனித அகஸ்டின் என்று உலகம் அறிந்தவரின் மாணவன், நண்பன். அகஸ்டின் தம் 'கன்ஃபெஷன்ஸ்' நூலின் ஆறாம் புத்தகத்தில் இவனைப் பற்றி நிறைய எழுதுகிறார். ரோமில் அப்போது கிளாடியேட்டர் சண்டைகள் நடந்துகொண்டிருந்தன. அலிப்பியுஸுக்கு அவை அருவருப்பானவை. ஒருநாள் விருந்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த சக மாணவர்கள் அவனைத் தெருவில் கண்டார்கள். விளையாட்டாகக் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் மறுத்தான்; அவர்கள் விடவில்லை. என் உடலைத்தான் நீங்கள் அங்கே கொண்டுபோக முடியும், கண்ணையும் மனத்தையும் கொண்டுபோக முடியாது என்ற பொருளில் சவால் விட்டுவிட்டு அவர்களோடு போனான். அரங்கில் உட்கார்ந்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டான். ஆனால் காதை மூடவில்லை. ஒருவன் வெட்டுப்பட்டு விழுந்தபோது கூட்டம் முழுவதும் ஒன்றாக அலறியது. என்னவென்று பார்த்துவிட்டு அதையும் வென்றுவிடலாம் என்ற நினைப்பில் கண்ணைத் திறந்தான். அதோடு சரி, அதன்பின் பார்வையை எடுக்கவே முடியவில்லை. வந்தபோது இருந்த ஆளாக அவன் திரும்பிப் போகவில்லை என்கிறார் அகஸ்டின். மறுமுறை தன்னை இழுத்துவந்தவர்களோடு போனது மட்டும் அல்லாமல், அவர்களை முந்திக்கொண்டு மற்றவர்களையும் இழுத்துப்போக ஆரம்பித்தான். இழுக்கப்பட்டவன் இழுப்பவனாகும் இந்தக் கட்டத்தை நம் பிரசங்கங்கள் தொடுவதே இல்லை. விடுதியில் முதலாண்டு மாணவனின் கையில் கோப்பையைத் திணிக்கும் மூன்றாமாண்டு மாணவன் பிறவி வில்லன் ஒன்றும் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான்.

அலிப்பியுஸ் பலவீனன், அதனால் விழுந்தான் என்று சொல்லிவிட்டால் விஷயம் எளிதாக முடிந்துவிடும். ஆனால் அதே நூலில், சில பக்கங்கள் தள்ளி, அவனைப் பற்றி அகஸ்டின் இன்னொரு செய்தியும் தருகிறார். பிறகு ரோமில் கருவூலத் துறை அதிகாரி ஒருவருக்குச் சட்ட ஆலோசகராக அலிப்பியுஸ் பணியாற்றினார். செல்வாக்கு மிக்க செனட்டர் ஒருவர் சட்டத்துக்கு மாறான ஒரு சலுகையைக் கேட்டார். லஞ்சம் காட்டினார், அலிப்பியுஸ் சிரித்தார். மிரட்டினார், பொருட்படுத்தவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டிய மேலதிகாரியே வெளிப்படையாக மறுக்கப் பயந்து, பழியை இவர் தலையில் போட்டுத் தப்பித்துக்கொண்டார். ஊரே நடுங்கிய ஒரு பெரிய மனிதருக்கு முன் அசையாத இதே மனிதர்தான், கையைப் பிடித்து இழுத்த நாலு நண்பர்களுக்கு முன் தோற்றவர். நம் அறிவுரையின் கோளாறு எனக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. நண்பர்களின் அழுத்தத்தை நாம் ஒரு தாக்குதலாகவே கற்பனை செய்கிறோம்; ஆகவே அதை எதிர்க்கத் துணிச்சலைப் போதிக்கிறோம். எதிரியை எதிர்க்கத் துணிச்சல் போதும். அலிப்பியுஸை இழுத்தவர்கள் எதிரிகள் அல்ல. அவனோடு சேர்ந்து சிரிக்க விரும்பியவர்கள், அவன் இல்லாவிட்டால் அந்த மாலை குறைப்பட்டுப் போகும் என்று நினைத்தவர்கள். காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கிவந்து கொடுக்கிற அறைத்தோழனிடம் இல்லை என்று சொல்வதற்குத் தேவையான பலம் வேறு வகைப்பட்டது. அன்பை மறுக்கிறோமோ என்ற கூச்சத்தை வெல்லும் பலம் அது. சிங்கங்களைப் பற்றிய கதை அதற்கு உதவாது.

அகஸ்டினும் இதைத் தம் பங்குக்கு அனுபவித்தவர். பதினாறு வயதில், படிப்புக்குப் பணம் இல்லாமல் ஊரில் சும்மா இருந்த ஓர் ஆண்டில், பையன்களோடு சேர்ந்து இரவில் ஒரு பேரிக்காய் மரத்தை உலுக்கித் திருடியதை அவர் இரண்டாம் புத்தகத்தில் விசாரிக்கிறார். வயிற்றுப் பசி இல்லை. தின்றதுகூடக் கொஞ்சம்தான், மிச்சத்தைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். பல பக்கங்கள் தம்மைத் துருவிய பிறகு அவர் காணும் விடைகளில் முக்கியமானது, தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டார் என்பது. அந்த வயதில் தோழர்கள் தங்கள் லீலைகளைப் பெருமையாகப் பேசுவதைக் கேட்டு, தாம் மட்டும் குறைந்தவராகத் தெரியக் கூடாதென்று செய்யாத தவறுகளையும் செய்ததாகக் கதைகட்டியதையும் அவர் ஒளிக்கவில்லை. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்த வாக்குமூலத்தை இன்றைய விடுதி மொட்டைமாடியில் படித்துக் காட்டினால் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. சேர்ந்து சிரிக்க ஆள் வேண்டும் என்ற ஆசை, தவறின் மீதான ஆசையைவிட வலுவானது.

இது பழைய காலத்துத் துறவி ஒருவரின் சுயவிசாரணைதானே, எல்லோருக்கும் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். 1950-களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் இதையே கோடுகளைக் கொண்டு அளந்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். அறையில் ஏழிலிருந்து ஒன்பது கல்லூரி மாணவர்கள். அவர்களில் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் ஆய்வாளரின் ஏற்பாட்டு ஆட்கள். மொத்தம் 18 சுற்றுகள். அவற்றில் 12-இல் அந்த ஆட்கள் ஒரே குரலில் தவறான விடை சொல்வார்கள். தனியாக விட்டால் நூற்றுக்கு ஒரு பிழைகூட வராத அந்தக் கேள்வியில், கூட்டத்தின் நடுவே கிடைத்த பதில்களில் ஏறக்குறைய 37 விழுக்காடு கூட்டத்தோடு சேர்ந்து பிழையாயின. எதிரே நூறு பேர் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை; மூவர் ஒருமித்தாலே ஏறத்தாழ முழு அழுத்தமும் வந்துவிட்டது. நான்கில் ஒருவர் ஒருமுறைகூட அசையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தனியாக நிற்கப் பிறந்தவர்கள் உண்டு. நம் வாலிபர் கூட்டப் பிரசங்கம் அந்த நால்வரில் ஒருவருக்காக எழுதப்பட்டது. மீதி மூவருக்கு அதில் கிடைப்பது குற்றவுணர்ச்சி மட்டும்.

ஆஷ் அதோடு நிற்கவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். ஏற்பாட்டு ஆட்களில் ஒருவரை மட்டும் சரியான விடை சொல்லவைத்துப் பார்த்தார். எதிரே பெரும்பான்மை அப்படியே இருக்க, பக்கத்தில் ஒரே ஒரு துணை. கூட்டத்தோடு ஒத்துப்போன பிழைகள் கால்வாசியாகச் சுருங்கிவிட்டன. பிறகு அந்தத் துணையைப் பாதியில் கட்சி மாறவைத்தார். பிழைகள் பழைய அளவை நெருங்கும்படி மேலே ஏறின. துணை கட்சி மாறாமல், வேறு வேலை வந்ததாகச் சொல்லி அறையை விட்டுப் போனபோதோ பிழைகள் அவ்வளவு ஏறவில்லை. ஆள் போன பிறகும் அவர் கொடுத்த தெம்பு கொஞ்சம் தங்கியிருந்தது. இவற்றையெல்லாம்விட வியப்பான ஒன்று உண்டு. துணையாக வந்தவர் சரியான விடையே சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தைவிட மோசமான ஒரு தவறைத் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தாலும், பக்கத்தில் இருந்தவரின் வாய்க்கட்டு அவிழ்ந்தது. ஒருமித்த குரலில் ஓர் ஓட்டை விழுந்தாலே போதும், உண்மையைச் சொல்ல மனிதனுக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

கோடுகளின் நீளத்தைச் சொல்வதும் கடவுளை நம்புவதும் ஒன்றா என்ற கேள்வி நியாயமானது. ஒன்றல்ல. ஆனால் இந்த வேறுபாடு வாதத்தைப் பலப்படுத்துகிறதே தவிர குறைக்கவில்லை. கண்ணெதிரே அளந்து பார்க்கக்கூடிய ஒன்றிலேயே, யாரென்று தெரியாத அந்நியர்களுக்காக மனிதன் நாக்கைப் பிறழவிடுகிறான் என்றால், அளந்து காட்ட முடியாத நம்பிக்கையில், நேசிக்கும் நண்பர்களுக்கு முன் அவன் நிலை எப்படி இருக்கும்? இன்னொரு மறுப்பு கனமானது. இங்கிலாந்தில் பெரினும் ஸ்பென்சரும் 1980-இல் பொறியியல், கணிதம், வேதியியல் மாணவர்களை வைத்து இதே சோதனையைச் செய்தபோது 396 பதில்களில் ஒன்றே ஒன்றுதான் கூட்டத்தோடு போனது. அப்படியானால் ஆஷ் கண்டது 1950-களின் அமெரிக்கப் பயத்தின் கதை மட்டும்தானா? பாண்டும் ஸ்மித்தும் 17 நாடுகளில் நடந்த 133 ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்ட கணக்கு இதற்கு விடை தருகிறது. அமெரிக்காவில் இந்த ஒத்துப்போகும் போக்கு ஆண்டுகள் செல்லச்செல்லக் குறைந்திருக்கிறது. ஆனால் தனிமனிதனைவிடக் குடும்பத்தையும் கூட்டத்தையும் முன்வைக்கும் சமூகங்களில் அது கூடுதலாகவே இருக்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் இடம் என்று யோசிக்க வேண்டியதில்லை. மேற்கே எழுதப்பட்ட தனிமனித வீரக் கதைகளை நம் பிள்ளைகளுக்கு அப்படியே ஊட்டுவதில் உள்ள சிக்கலும் இதுதான்.

இன்னொரு காரியமும் இங்கே தெளிவாகிறது. துணை என்றதும் நம் சபைக்காரனாக, நம் பிரிவுக்காரனாக, அன்றாடம் தியானம் செய்கிறவனாக ஒருவனைத் தேடுகிறோம். கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகிறோம். விடுதி அறையில் ஐந்து வேளை தொழுகிற ஓர் இஸ்லாமிய மாணவன் இருந்தால், சனிக்கிழமை இரவு நடக்கும் குடியை மறுக்க ஒரு கிறிஸ்தவ மாணவனுக்கு அவனே பெரிய உதவி. மாலை போட்டு விரதம் இருக்கும் ஐயப்ப பக்தனும் அந்த நாற்பத்தொரு நாளும் உதவிதான். பெயரளவில் கிறிஸ்தவர்களான பத்து பேர் தர முடியாத இடைவெளியை அவர்கள் தருவார்கள். இதை ஒப்புக்கொள்ள நம்மில் சிலருக்குத் தயக்கம் இருக்கும். ஆனால் ஒருவனுடைய நேர்மையான மறுப்பு இன்னொருவனின் மறுப்புக்கு வழிவிடுகிறது என்பதற்கு மதம் குறுக்கே நிற்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் உண்மையிலேயே தனியாக நின்ற சாட்சிகளை என்ன செய்வது? ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டெட்டரைவிடத் தனியாக நின்ற ஒருவரைச் சொல்வது கடினம். ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராதெகுண்ட் என்ற சிற்றூரின் விவசாயி. இளமையில் ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் ஓட்டிய, அடிதடிக்கும் பின்வாங்காத ஆள். திருமணத்துக்குப் பின் ஆலயப் பணியாளராகவும் இருந்தவர். ஹிட்லரின் படையில் சேர மறுத்தார். ஊரார் புரிந்துகொள்ளவில்லை. லின்ஸ் மறைமாவட்ட ஆயரே, குடும்பத்தை நினைத்துப்பார் என்றார். 1943 ஆகஸ்ட் 9 அன்று, 36-ஆம் வயதில், தலை வெட்டப்பட்டு இறந்தார். தனியாக நிற்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் முதலில் தடுத்துப் பார்த்த மனைவி ஃப்ரான்சிஸ்கா, பின்பு அவரோடு நின்றார். பெர்லின் சிறையில் இருந்தபோது அங்கே சிறைக்குருவாக இருந்த க்ரோய்ட்ஸ்பெர்க் அவரிடம் ஒரு செய்தியைச் சொன்னார்: ஓர் ஆண்டுக்கு முன் ரைனிஷ் என்ற கத்தோலிக்கக் குரு ஒருவர் இதே காரணத்துக்காக, இதே மறுப்புக்காக மரணத்தை ஏற்றிருந்தார். அதைக் கேட்டு யேகர்ஷ்டெட்டர் அடைந்த ஆறுதல் மிகப் பெரிது. தாம் ஒருமுறைகூடப் பார்த்திராத, இறந்தே போய்விட்ட ஒருவர் அவருக்குத் துணையானார். இயேசுவும் கெத்செமனேயில் மூன்று பேரிடம் தம்மோடு விழித்திருக்கச் சொல்லிக் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். அவர் கேட்டார் என்பதைக் கடந்துபோய்விடுகிறோம்.

இனி வரும் மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. ஒரு கூட்டத்திலிருந்து பிரித்து இன்னொரு கூட்டத்தில் சேர்ப்பதுதானே இது? குடிக்கும் கூட்டத்துக்குப் பதில் ஜெபிக்கும் கூட்டம். இரண்டிலும் சுயசிந்தனை இல்லை என்றால் என்ன லாபம்? இந்த ஆபத்து உண்மையானது. ஆக்ஸ்ஃபோர்டில் 1729-இல் சார்லஸ் வெஸ்லியும் ஜான் வெஸ்லியும் சில நண்பர்களும் சேர்ந்து நடத்திய சிறு கூட்டத்தைச் சக மாணவர்கள் கேலி செய்தார்கள். மெத்தடிஸ்ட் என்ற பெயரே அந்தக் கேலியில் ஒட்டிக்கொண்டதுதான். அந்த நட்புதான் அவர்களைத் தாங்கியது. ஆனால் பின்னால் அதில் சேர்ந்த ஜார்ஜ் விட்ஃபீல்ட், 1735-இல் உபவாசத்தை எல்லை மீறி நீட்டிப் படுக்கையில் விழுந்தார். பக்தியிலும் போட்டி உண்டு; நான் உன்னைவிடக் குறைந்தவன் அல்ல என்று காட்டும் ஆசை பேரிக்காய் மரத்தடியோடு முடிந்துபோவது அல்ல. அந்த ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்களைக் காப்பாற்றியது, அவர்கள் 1730 முதல் சிறைக்கைதிகளையும் ஏழைகளையும் தேடிப் போனது என்று நினைக்கிறேன். தங்களையே பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரம் குறைந்தது. உலகத்தைவிட்டு ஒதுங்கும் கூட்டம் வேறு. ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு உலகத்துக்குள் போகும் கூட்டம் வேறு. போஜனப் பிரியன், மதுபானப் பிரியன் என்று பேர் வாங்கும் அளவுக்கு ஊராரோடு பந்தியில் உட்கார்ந்தவரைப் பின்பற்றுகிறவர்கள் நண்பர்களின் விருந்துக்கே போகக் கூடாது என்று சொல்வது விசித்திரம். போகட்டும்; ஆனால் இரண்டு பேராகப் போகட்டும்.

நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தடைப்பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தானியேலும் நண்பர்களும் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தார்கள், பாபிலோனியப் பெயர்களை ஏற்றார்கள், அந்நிய அரசின் வேலையைப் பார்த்தார்கள். அந்த முதல் அதிகாரத்தில் அவர்கள் மறுத்தது ராஜாவின் பந்தியை மட்டும். நம் பட்டியலிலோ சினிமா, நகை, பூ, முடிவெட்டு, பாட்டு என்று எல்லாமே ஒரே எழுத்தில் இருக்கின்றன. எதில் உயிரைக் கொடுத்து நிற்க வேண்டும், எதில் சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுக்கலாம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாத பிள்ளை, பட்டியலில் ஒன்றை மீறியதும் எல்லாம் போய்விட்டதென்று நினைத்து மீதியையும் கைவிடுகிறான். கோடு எங்கே என்று கூடிப் பேச ஒரு நண்பன் தேவைப்படுவது இதற்காகவும்தான்.

இதுவரை 'நண்பர்கள்' என்றபோதெல்லாம் பீர் பாட்டிலோடு நிற்கும் அறைத்தோழர்களையே வாசகர் நினைத்திருக்கக்கூடும். அழுத்தம் அன்பின் வழியாக வருகிறது என்றால், அது அதிக அன்பு உள்ள இடத்திலிருந்துதான் அதிகமாக வரும். பேதுரு இரண்டு முறை இதில் தோற்றார். முதல் முறை, கணப்பு நெருப்புக்குப் பக்கத்தில், ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு முன். அதை எல்லோரும் அறிவோம். இரண்டாம் முறை அந்தியோகியாவில். அதைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பார்க்கலாம். புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து யாக்கோபைச் சேர்ந்த சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பர்னபாவும் அவரோடு இழுபட்டார். விலகச் செய்தவர்கள் குடிகாரர்கள் அல்ல, சபையின் பக்திமான்கள். முதல் தோல்விக்குக் கண்ணீர்விட்டுப் பிரசங்கிக்கும் நாம் இரண்டாவதைத் தொடாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது.

தமிழ்ச் சபைகளின் பந்தி வரலாறு அந்தக் காரணம். தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கித் தொடங்கிய சபையிலேயே சாதிக்கு ஏற்ப இருக்கை பிரிந்திருந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை விட்டுவிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் சபையை விட்டே வெளியேறியவர்கள் இருந்தார்கள். வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயத்தின் உள்ளே இரு சாதியாரைப் பிரிக்கச் சுவரே எழுந்தது. அந்தச் சுவர் பின்னர் இடிக்கப்பட்டது. இன்றைய மணமகள் தேவை விளம்பரங்களில் மதத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சாதிப் பெயர் இடிக்கப்படவில்லை. அலுவலக விருந்தில் கோப்பையைத் தள்ளிவைத்த அதே இளைஞன், தான் விரும்பும் பெண்ணும் ஞானஸ்நானம் பெற்றவள்தான் என்று தெரிந்தும், அம்மாவின் கண்ணீருக்கும் மாமாவின் கௌரவத்துக்கும் முன் சாதி மாறத் துணிய மாட்டான். சபையில் அதைப் பின்மாற்றம் என்று யாரும் சொல்வதில்லை; கீழ்ப்படிதலுள்ள பிள்ளை என்கிறார்கள். இரண்டும் ஒரே அழுத்தம். முதலாவதைப் பாவம் என்றும் இரண்டாவதைக் குடும்பப் பண்பு என்றும் நாம் பிரித்து வைத்திருப்பதைப் பிள்ளைகள் கவனிக்காமல் இல்லை. கூட்டத்துக்கு இணங்குவது வீட்டிலும் ஆலயத்திலும் நற்குணமாகக் கற்றுக்கொடுக்கப்பட்டவனிடம், விடுதியில் மட்டும் இணங்காதே என்று எப்படிக் கேட்பது? அவனுக்குப் பழக்கமான தசை ஒன்றுதான், தலையசைப்பது. அந்தியோகியாவில் பேதுருவுக்கு ஒரு பவுல் இருந்தார், முகத்துக்கு நேரே சொன்னார். அப்படிச் சொல்லும் உரிமையுள்ள ஒருவர் தனக்கு இருக்கிறாரா என்பது மூத்தவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அலிப்பியுஸ் அரங்கத்தில் முடிந்துபோகவில்லை. 386-இல் மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் அகஸ்டின் அழுது மனம் திரும்பிய அந்த மணிநேரத்தில் பக்கத்தில் இருந்தவர் அவரே. அகஸ்டின் வாசித்த பகுதியைத் தொடர்ந்து தாமும் வாசித்தார். விசுவாசத்தில் பலவீனமானவனை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் வாக்கியம் கண்ணில் பட்டது. அது தமக்கே என்று எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு உயிர்த்தெழுதல் திருநாளில் இருவரும் ஒன்றாக மிலான் ஆயர் அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றார்கள். பின்னாளில் ஒருவர் ஹிப்போவிலும் மற்றவர் தகாஸ்தேயிலும் ஆயர்கள்.

அதனால் சபைகளிடம் கேட்க வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பிள்ளை ஊர் மாறிப் போகும்போது போதகரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் அவன் போகும் ஊரில், முடிந்தால் அந்தக் கல்லூரியிலேயே, ஓரிரு வயது மூத்த ஒருவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கட்டும். அவருக்கும் இவன் வரும் செய்தி முன்கூட்டியே போயிருக்கட்டும். பிள்ளைகள் தாங்களே தேடிக்கொள்வார்கள் என்று விட்டால் தேடிக்கொள்ளத்தான் செய்வார்கள். முதலில் கிடைப்பவர்களைத் தேடிக்கொள்வார்கள். ஆஷின் அறையில் அந்த ஒற்றைத் துணை முதல் சுற்றிலிருந்தே உடன் இருந்தது. விடுதியின் முதல் சனிக்கிழமை இரவு, சேர்க்கை முடிந்த ஐந்தாறு நாளில் வந்துவிடும். வாலிபர் முகாமோ பெரும்பாலும் அடுத்த விடுமுறையில்தான்.